புது கார், 280 ஹார்ஸ்பவர்... பெர்ஃபாமன்ஸ் டிரைவிங் பயிற்சியில் சேரும் முன் என்னவெல்லாம் கேட்க வேண்டும்?

நான்கு டயர்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம், பானெட்டில் மாலை, கையில் அட்டையில் செய்த பெரிய சாவி, குடும்பத்தோடு ஒரு போட்டோ. புது கார் டெலிவரி என்றால் இவ்வளவும் உண்டு. போனை எப்படி இணைப்பது, சன்ரூஃபை எப்படித் திறப்பது என்று ஷோரூம் ஊழியர் பொறுமையாகச் சொல்லித் தருவார். ஆனால், அந்த காரில் 100 கி.மீ வேகத்தில் போகும்போது திடீரென ஒரு மாடு குறுக்கே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

சில வருடங்களுக்கு முன்புவரை இது பெரிய பிரச்னையாகத் தெரியவில்லை. காரணம், நம் வீட்டு கார்களுக்கு அவ்வளவு பவர் இல்லை. இப்போது நிலைமை வேறு. பவர்ஃபுல் கார் வாங்குகிறவர்கள் கூடவே, 'இதைச் சரியாக ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சி எங்கே கிடைக்கும்?' என்றும் தேடத் தொடங்கிவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால், எந்தப் பயிற்சி என்பதைப் பொறுத்து அது உங்கள் உயிரைக் காப்பாற்றவும் செய்யலாம். உங்களை இன்னும் ஆபத்தான டிரைவராக மாற்றவும் செய்யலாம். எப்படித் தேர்வு செய்வது? விரிவாகப் பார்ப்போம்.

37-லிருந்து 280 வரை

நம்மில் பலரது வீட்டின் முதல் கார் மாருதி 800. 796 சிசி இன்ஜின், 37 குதிரைசக்தி. அதிலேயே ஊட்டி மலை ஏறினோம், திருப்பதி போய் வந்தோம்.

இன்று மஹிந்திராவின் பி.இ 6 எலெக்ட்ரிக் காரில், 79 கிலோவாட் ஹவர் பேட்டரி கொண்ட மாடலின் மோட்டார் 210 கிலோவாட் பவர் கொண்டது. ஹார்ஸ்பவரில் சொன்னால் 280-ஐத் தாண்டும். 0-விலிருந்து 100 கி.மீ வேகத்தைத் தொட 6.7 விநாடிகள் போதும் என்கிறது நிறுவனம். பி.ஒய்.டி சீல் காரின் டாப் மாடல் 530 ஹார்ஸ்பவர், 3.8 விநாடிகளில் 100 கி.மீ! பெட்ரோல் ரசிகர்களுக்கு 265 குதிரைசக்தியோடு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ 2025-ல் இந்தியாவுக்கு வந்தது.

எலெக்ட்ரிக் கார்களில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பெட்ரோல் கார் வேகமெடுக்கும்போது இன்ஜின் உறுமும், கியர் மாறும், உடம்புக்கு 'வேகம் கூடுகிறது' என்று தெரியும். எலெக்ட்ரிக் காரில் முழு இழுவிசையும் மிதித்த மாத்திரத்தில் கிடைக்கும்; சத்தமும் இருக்காது. ஸ்பீடோமீட்டரைப் பார்த்தால்தான் 110-ல் போவது தெரியும். பேட்டரியால் எடையும் அதிகம். பெரிய எலெக்ட்ரிக் எஸ்.யு.வி-க்கள் 2 டன்னைத் தொடுகின்றன.

ஒரு சின்னக் கணக்கு

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரண்டு மடங்கு ஆகாது. நான்கு மடங்கு ஆகும். பள்ளிக்கூட இயற்பியல்தான்.

நல்ல டயர், காய்ந்த சாலை என்று வைத்துக்கொள்வோம். ஆபத்தைப் பார்த்து பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது. 100 கி.மீ வேகத்தில் போகும் கார் அந்த ஒரு விநாடியில் 28 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகு நிற்க சுமார் 48 மீட்டர். ஆக மொத்தம் 76 மீட்டர்.

அதே கார் 140-ல் போனால் மொத்தம் சுமார் 133 மீட்டர் தேவை. இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. 100-ல் வந்த கார் முழுமையாக நின்றுவிட்ட அதே இடத்தில், 140-ல் வந்த கார் இன்னும் கிட்டத்தட்ட 109 கி.மீ வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்! இரண்டு டிரைவர்களும் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில்தான் பிரேக் அடித்திருக்கிறார்கள்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் 71 சதவிகித மரணங்களுக்கு அதிவேகமே காரணம் எனப் பதிவாகியிருக்கிறது. அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான்: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். பவர்ஃபுல் காரின் சாவியை வாங்குகிறோம் என்றால், இந்தச் சாலைகளில்தான் அதை ஓட்டப் போகிறோம்.

நான்கு வகை... நான்கும் வேறு வேறு!

'டிரைவிங் பயிற்சி' என்ற ஒரே பெயரில் நான்கு விதமான விஷயங்கள் விற்கப்படுகின்றன. முதலில் இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை, டிஃபென்சிவ் டிரைவிங். சாலையில் மற்றவர்கள் செய்யும் தவறுகளை முன்கூட்டியே கணித்து ஓட்டுவதற்கான பயிற்சி. இடைவெளி விடுவது, கண்ணாடிகளைப் பார்ப்பது, இரவில் ஓட்டுவது போன்றவை. கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால், தினசரி வாழ்க்கையில் அதிகம் உதவுவது இதுதான்.

இரண்டாவது, கார் நிறுவனங்கள் நடத்தும் 'டிரைவிங் எக்ஸ்பீரியன்ஸ்'. பி.எம்.டபிள்யூ, மெர்சிடீஸ்-பென்ஸ், போர்ஷே போன்ற நிறுவனங்கள் ரேஸ் டிராக்கை வாடகைக்கு எடுத்து, தங்கள் கார்களில் வாடிக்கையாளர்களை ஓட்டவைக்கும். அமெரிக்காவில் இது இன்னும் ஒருபடி மேலே. கார்வெட் கார் வாங்குகிறவர்களுக்கு, நெவாடா மாநிலத்தில் ஸ்பிரிங் மவுன்டன் டிராக்கில் இருக்கும் ரான் ஃபெல்லோஸ் பயிற்சிப் பள்ளியில் சலுகைக் கட்டணத்தில் இரண்டு நாள் வகுப்பு உண்டு. நம் ஊரில் இவை பெரும்பாலும் அவ்வப்போது நடக்கும் நிகழ்ச்சிகள்தான். சிலவற்றில் உண்மையான பயிற்சி இருக்கும். சில வெறும் விற்பனை விழாவாக முடியும். கார் வாங்கும்போதே, 'உங்கள் நிறுவனம் இப்படி ஏதாவது நடத்துகிறதா?' என்று டீலரிடம் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, ரேஸிங் ஸ்கூல். இங்கே ஒற்றை இருக்கை ஃபார்முலா கார்களில் ரேஸ் ஓட்டக் கற்றுத்தருவார்கள். போட்டிகளில் இறங்க, இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ வழங்கும் காம்படிஷன் லைசென்ஸ் வேண்டும். அந்தப் பாதையில் போகிறவர்களுக்கானது இது.

நான்காவது, டிராக் டே. கட்டணம் கட்டினால் உங்கள் காரை டிராக்கில் ஓட்டலாம். இது பயிற்சியே அல்ல. நீச்சல் குளத்துக்கு டிக்கெட் வாங்குவது போல. நீச்சல் சொல்லித்தர ஆள் இருக்க மாட்டார். அடிப்படைப் பயிற்சி எடுக்காதவர்கள் நேராக இங்கே போவது நல்லதல்ல.

புது பவர்ஃபுல் கார் வாங்கியிருக்கும் சராசரிக் குடும்பத்துக்குத் தேவை, முதல் வகையும் இரண்டாம் வகையும் கலந்த ஒரு பயிற்சி.

இந்தியாவின் ரேஸ் டிராக்குகள் நம் பக்கத்திலேயே!

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ நீள டிராக் இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமான இது 1990-ல் தொடங்கப்பட்டது. இப்போது 'மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்' என்று பெயர். அதற்கு முன்பு, சோழவரத்தில் இருந்த இரண்டாம் உலகப் போர் கால விமான ஓடுதளத்தில்தான் ரேஸ் நடக்கும். அந்தக் காலத்தில் சோழவரம் ரேஸ் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போன கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கோவை செட்டிபாளையத்தில் 'காரி மோட்டார் ஸ்பீட்வே' இருக்கிறது. ரேஸ் கார்களை இங்கேயே வடிவமைத்த கோவையின் எஸ்.கரிவரதன் நினைவாக வைக்கப்பட்ட பெயர். நீளம் குறைவு, திருப்பங்கள் நெருக்கம் என்பதால் கற்றுக்கொள்ள ஏற்ற டிராக். வடக்கே போனால், 2011 முதல் 2013 வரை ஃபார்முலா 1 நடந்த கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்.

ஃபார்முலா 1-ல் ஓட்டிய இரண்டு இந்தியர்களுமே தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள்தான்: கோவையின் நரேன் கார்த்திகேயன், சென்னையின் கருண் சந்தோக். இதில் நரேனின் தொடக்கத்தைக் கவனியுங்கள். அவர் ரேஸ் ஓட்டத் தொடங்கியது, மாருதி இன்ஜின் பொருத்திய 'ஃபார்முலா மாருதி' காரில். 1992-ல் பிரான்சின் வின்ஃபீல்டு ரேஸிங் பள்ளியில் பயிற்சி. ஜோர்டன் அணியின் ஃபார்முலா 1 காரில் அவர் ஏறியது 2005-ல். குறைந்த பவரில் ஆரம்பித்து, படிப்படியாக ஏறிய பாதை அது. நாமோ 280 குதிரைசக்தியிலேயே ஆரம்பிக்கிறோம்!

பயிற்சி எடுத்தால் விபத்து குறையுமா?

'இது என்ன கேள்வி, குறையத்தானே செய்யும்?' என்று தோன்றும். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

நார்வே நாடு 1979-ல், வழுக்கும் சாலையில் காரைக் கட்டுப்படுத்தும் பயிற்சியைப் புதிய டிரைவர்களுக்குக் கட்டாயமாக்கியது. பின்னர் நடந்த ஆய்வில், இளம் ஆண்களுக்கு வழுக்கும் சாலை விபத்துகள் குறையவில்லை, கூடியிருந்தன! பனியில் காரைக் கட்டுப்படுத்தத் தெரியும் என்ற தைரியத்தில், பனியிலும் வேகமாகப் போயிருக்கிறார்கள்.

1974-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. ரேஸ் லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் சாலைப் பதிவுகளையும், சாதாரண டிரைவர்களின் பதிவுகளையும் ஒப்பிட்டார்கள். திறமை அதிகம் கொண்ட ரேஸ் டிரைவர்கள்தான் சாலையில் அதிக விபத்துகளையும் விதிமீறல்களையும் செய்திருந்தார்கள்.

1996-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த இளைஞர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, வழுக்கும் தளத்தில் காரைக் கையாளும் திறமையைச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு, 'இந்தச் சூழலில் உங்களால் எல்லாவற்றையும் சமாளிக்க முடியாது' என்பதை ஓட்டவைத்தே புரியவைத்தார்கள். பிறகு சோதித்தபோது இரண்டு குழுக்களின் உண்மையான திறமையிலும் வித்தியாசம் இல்லை. ஆனால், முதல் குழுவினர் தங்களைப் பெரிய திறமைசாலிகளாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

லைசென்ஸ் வாங்கிய பிறகு தரப்படும் பலவிதப் பயிற்சிகள் பற்றிய 20-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வாளர்களும், இவை விபத்தைக் குறைக்கின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை என்றே முடித்தார்கள்.

அப்படியானால் பயிற்சியே வேண்டாமா? வேண்டும். ஆனால், ஸ்வீடனின் அந்த இரண்டாவது குழுவுக்குக் கிடைத்த மாதிரியான பயிற்சி வேண்டும். காரின் எல்லை எது, உங்கள் எல்லை எது என்று காட்டும் வகுப்புதான் நல்ல வகுப்பு. அதை முடித்துவிட்டு வீடு திரும்பும்போது முன்பைவிட மெதுவாக, முன்னால் போகும் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டு ஓட்டுவீர்கள். 'இனி எதையும் சமாளிப்பேன்' என்ற நினைப்போடு உங்களை அனுப்பும் வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

நல்ல வகுப்பில் என்ன சொல்லித் தருவார்கள்?

உட்காரும் முறை: முதல் பாடம் இதுதான். தோள்பட்டை சீட்டில் ஒட்டியிருக்கும்போது, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பைத் தொட வேண்டும். பிரேக்கை முழுதாக மிதித்தபோதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். சீட்டைப் பின்னால் சாய்த்து, ஒற்றைக் கையில் ஓட்டுவது சினிமாவுக்கு அழகு. அவசர பிரேக்குக்கு ஆகாது.

பார்வை: கண் எங்கே போகிறதோ, கை அங்கே போகும், கார் அங்கே போகும். பதற்றத்தில் நாம் மரத்தையே பார்த்தால், மரத்தில்தான் போய் மோதுவோம். இடைவெளியைப் பார்க்கப் பழக்குவது முக்கியமான பயிற்சி.

முழு பிரேக்: 1990-களில் மெர்சிடீஸ்-பென்ஸ் நிறுவனம் சிமுலேட்டரில் டிரைவர்களைச் சோதித்தது. ஆபத்தில் பலரும் பிரேக்கை வேகமாகத்தான் மிதித்தார்கள். ஆனால், போதிய அழுத்தம் கொடுக்கவில்லை. அதன் விளைவாக 1996-ல் வந்ததுதான் 'பிரேக் அசிஸ்ட்'. நம்மில் பெரும்பாலானோர் வாழ்க்கையில் ஒருமுறைகூட முழு அழுத்தத்தில் பிரேக் அடித்ததில்லை. அப்போது ஏ.பி.எஸ் வேலை செய்வதால் பெடல் காலுக்கடியில் படபடவென அதிரும். இது தெரியாதவர்கள், ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். பாதுகாப்பான இடத்தில் இதைப் பத்து முறை செய்து பழகினாலே கட்டிய பணத்தில் பாதி வந்துவிட்டது எனலாம்.

பிரேக்கோடு விலகுதல்: பிரேக்கை அழுத்தியபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி, தடையைத் தாண்டிப் போவது. ஏ.பி.எஸ் கண்டுபிடிக்கப்பட்டதே இதற்காகத்தான். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் எல்லாப் புது கார்களிலும் ஏ.பி.எஸ் கட்டாயம். கருவி இருக்கிறது, பயன்படுத்தத்தான் தெரியவில்லை.

டயரின் பிடிமானம்: ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு, தோராயமாக நம் உள்ளங்கை அளவுதான். பிரேக், திருப்பம், வேகம் மூன்றுக்கும் அந்த நான்கு உள்ளங்கைகள்தான் முதலீடு. திருப்பத்தில் முழுதாகச் செலவழித்துவிட்டால் பிரேக்குக்கு மிச்சமிருக்காது. திருப்பத்துக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்கச் சொல்வது இதனால்தான். கொல்லிமலை ஏறி இறங்குகிறவர்களுக்கு இந்த ஒரு பாடமே போதும்.

வழுக்கல்: தண்ணீர் ஊற்றிய தளத்தில், குறைந்த வேகத்தில், முன் சக்கரம் வழுக்கினால் எப்படி இருக்கும், பின் சக்கரம் வழுக்கினால் எப்படி இருக்கும் என்று உணரவைப்பார்கள். முன் சக்கரம் வழுக்கினால் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே போகும், இது 'அண்டர்ஸ்டியர்'. பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னால் வரப் பார்த்தால் 'ஓவர்ஸ்டியர்'. காரின் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் ஆனில் இருக்கும்போதும், ஆஃப் செய்த பிறகும் என்ன வித்தியாசம் என்று காட்டுவார்கள். சாலையில் அந்தப் பட்டனை ஏன் தொடவே கூடாது என்பது அங்கே புரியும்.

இவையெல்லாம் முடிந்த பிறகுதான் டிராக்கில் ரவுண்டு. அதுவும் பக்கத்து சீட்டில் பயிற்சியாளரோடு.

சொந்த காரா... பள்ளியின் காரா?

சொந்த காரில் கற்றால், தினமும் ஓட்டும் வண்டியின் குணம் தெரியும். பள்ளியின் காரில் கற்றால், உங்கள் டயரும் பிரேக்கும் தேயாது. மனதில் பயம் இல்லாமல் கற்கலாம். முடிந்தால் முதல் வகுப்பைப் பள்ளியின் காரில், அடுத்ததைச் சொந்த காரில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த காரைக் கொண்டுபோவதாக இருந்தால் கவனிக்க வேண்டியவை:

* புது பெட்ரோல், டீசல் காருக்கு 'ரன்னிங்-இன்' காலம் உண்டு. எத்தனை கி.மீ வரை இன்ஜினை விரட்டக் கூடாது என்று ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். அதற்கு முன் டிராக் பக்கமே போகாதீர்கள்.
* டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால், 2024-ம் வருடத்தின் 23-வது வாரத்தில் தயாரானது. பழைய டயரோடு போக வேண்டாம்.
* பிரேக் ஆயில் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சும். தொடர்ந்து பலமாக பிரேக் அடிக்கும்போது அது கொதித்து, பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். கிளம்பும் முன் சர்வீஸில் காட்டிவிடுங்கள்.
* ரவுண்டு முடித்து வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். சூடான பிரேக் ஒட்டிக்கொள்ளலாம். கடைசி ரவுண்டை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடுங்கள்.
* டிராக்கில் ஓட்டினால் வாரன்ட்டி செல்லுமா என்று வாரன்ட்டி புத்தகத்தில் பாருங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது!

பலரும் மறந்துவிடும் விஷயம் இது. உங்கள் கார் பாலிசியை எடுத்து, 'பயன்பாட்டுக்கான வரம்புகள்' என்ற பகுதியைப் படியுங்கள். ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் காரைப் பயன்படுத்தினால் பாலிசி பொருந்தாது என்று அதில் இருக்கும். டிராக்கில் ஓட்டிச் சுவரில் உரசினால், செலவு உங்கள் பாக்கெட்டிலிருந்துதான். பயிற்சி நடத்துகிறவர்களிடம் தனி இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, உங்கள் மருத்துவச் செலவுக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள். அங்கே கையெழுத்து வாங்கும் உறுதிமொழிப் படிவத்தை வரிவிடாமல் படியுங்கள். உங்கள் பாலிசியின் நிலையை இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் ஈமெயிலில் கேட்டு, பதிலைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

டிராக்கில் கற்றதை ஈ.சி.ஆரில் நள்ளிரவில் பரீட்சித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் வந்தால், சட்டமும் காத்திருக்கிறது. பொதுச் சாலையில் ரேஸ் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி முதல்முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஒரு வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

நடிகர் அஜித்குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-லேயே ஃபார்முலா பி.எம்.டபிள்யூ ஏசியா போட்டியில் ஓட்டியவர். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸுக்கான பயிற்சியின்போது அவரது கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. காயமில்லாமல் இறங்கி வந்தார். அதே ரேஸில் அவரது அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்தது. அவ்வளவு அனுபவம் உள்ளவருக்கும் டிராக்கில் விபத்து நடக்கும். ஆனால், ரேஸ் காரில் இரும்புக் கூண்டு, பல பட்டைகள் கொண்ட சீட் பெல்ட், ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை எல்லாம் இருக்கின்றன. நம் காரின் பின்சீட்டில் இருப்பது பாட்டியும் பேரக்குழந்தையும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

1. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்கள்? கூட்டம் கூடக் கூட, உங்களுக்கான நேரம் குறையும்.
2. நாள் முழுவதில் நான் ஸ்டீயரிங் பிடிக்கப்போவது மொத்தம் எவ்வளவு நேரம்?
3. பயிற்சியாளரின் அனுபவம் என்ன? ரேஸில் ஜெயித்தது மட்டும் போதாது. சொல்லித் தருவதில் எத்தனை வருட அனுபவம் என்று கேளுங்கள்.
4. அவசர பிரேக், தடையை விலக்குதல், ஈரத் தளம் மூன்றும் உண்டா? மூன்றில் ஒன்றுகூட இல்லையென்றால் அது வெறும் ஜாலி ரைடு.
5. டிராக்கில் ஓட்டும்போது பயிற்சியாளர் பக்கத்தில் இருப்பாரா?
6. ஆம்புலன்ஸ், தீயணைப்பு ஏற்பாடு, கொடி காட்டும் மார்ஷல்கள் டிராக்கிலேயே இருப்பார்களா?
7. ஹெல்மெட் தருவார்களா? கார் சேதமானால் யார் செலவு?
8. முடிவில், என் தவறுகளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்வார்களா?

இரண்டு எச்சரிக்கை அறிகுறிகள். வந்தவுடனே வகுப்பு எதுவும் இல்லாமல் டிராக்கில் இறக்கிவிட்டால், கிளம்பிவிடலாம். 'யார் வேகமான ரவுண்டு?' என்று முதல் நாளே பரிசு அறிவித்தால், அங்கே கற்க ஒன்றுமில்லை.

வீட்டில் யார் போக வேண்டும்?

பணம் கட்டுகிறவர் அப்பாவாக இருக்கும். பயிற்சிக்குப் போவது பெரும்பாலும் மகனாக இருக்கும். ஆனால், அந்த காரைத் தினமும் பள்ளிக்கூடத்துக்கும் ஆபீஸுக்கும் எடுத்துப்போவது அம்மாவாக இருக்கலாம். காரை யார் யார் ஓட்டுகிறார்களோ, அத்தனை பேரும் பயிற்சிக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் ஒரே நாளில் முடியாவிட்டால், அதிகம் ஓட்டுகிறவர் முதலில் போகட்டும்.

20 வயதுகளில் இருக்கும் பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோர், நார்வே கதையை மறக்க வேண்டாம். வேகத்தைப் பற்றி மட்டும் பேசும் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். பல புது கார்களில் ஈகோ, நார்மல், ஸ்போர்ட் என்று டிரைவ் மோடுகள் இருக்கின்றன. சிலவற்றில் வேக எச்சரிக்கையை நாமே செட் செய்யலாம். பயிற்சி முடியும்வரை ஸ்போர்ட் மோடு வேண்டாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்வது நல்லது.

வெளியூர்ப் பயணத்துக்கு ஆக்டிங் டிரைவரை அழைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த அண்ணன் நேற்று ஓட்டியது பழைய டீசல் வண்டியாக இருக்கலாம். சாவியைக் கொடுத்தவுடன் நெடுஞ்சாலைக்கு அனுப்பாமல், 'அண்ணே, இது எலெக்ட்ரிக், தொட்டாலே பாயும். காலை எடுத்தால் தானாக பிரேக் பிடிக்கும். ஊருக்குள்ளேயே ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துட்டு வாங்க' என்று சொல்லிவிடுங்கள்.

பயிற்சிக்குப் போக முடியாதவர்களுக்கு...

கட்டணம் கட்டுப்படியாகவில்லை, டிராக் தொலைவில் இருக்கிறது, தேதி அமையவில்லை என்றாலும் சிலவற்றை இன்றே செய்யலாம். உட்காரும் முறையைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். டயரில் சரியான காற்று இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்கலாம். காரின் மேனுவலில் பிரேக், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் பற்றிய பக்கங்களைப் படிக்கலாம். உரிமையாளர் அனுமதியோடு, ஆளில்லாத விசாலமான தனியார் மைதானத்தில், அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, 30-40 கி.மீ வேகத்தில் முழு பிரேக் அடித்துப் பார்க்கலாம். பெடல் எப்படி அதிர்கிறது என்பது அந்த வேகத்திலேயே தெரிந்துவிடும்.

லட்சக்கணக்கில் விலை கொடுத்து கார் வாங்குகிறோம். அலாய் வீல், சீட் கவர், டேஷ் கேமரா என்று மேலும் செலவு செய்கிறோம். அந்தப் பட்டியலில் முதல் வரியாக ஒருநாள் பயிற்சியையும் எழுதிவிடுங்கள். மேலே சொன்ன 8 கேள்விகளை உங்கள் போனில் சேமித்துக்கொண்டு, பயிற்சி நடத்துகிறவர்களுக்கு இன்றே ஒரு போன் போடுங்கள். எட்டுக்கும் தெளிவாகப் பதில் சொல்கிறவரிடம் சேரலாம்!